உப்பு – தேவையான அளவு

ஐ.டி. கம்பெனியில் ஒருவர் வேலையை விடுகிறார் என்றால், கடைசி நாள்களில் எல்லோரும் அவரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கே.டி. கொடுத்தாச்சா?”

கே.டி. என்றால் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். மூன்று, நான்கு வருடங்களாகத் தலைக்குள் சேர்த்து வைத்த அத்தனையையும், மிச்சமிருக்கும் இரண்டு வாரத்தில் அடுத்தவர் தலைக்கு மாற்றிவிட வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் வீடியோ கால். ஒருவர் தன் கம்ப்யூட்டர் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டே போவார். இன்னொருவர் ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் பத்திரமாகப் பதிவாகும். அந்தப் பதிவை அதற்குப் பிறகு அநேகமாக யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பிறகு ஒரு நாள் நள்ளிரவில் ஏதோ ஒன்று நின்றுபோகும். பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் கத்துவார். புதிதாகப் பொறுப்பேற்ற பெண் தூக்கக் கலக்கத்தோடு லேப்டாப்பைத் திறப்பார். புரோகிராமில் ஓர் இடத்தில் ‘30 விநாடி காத்திரு’ என்று ஒரு வரி இருக்கும். ஏன் 30? எதற்காகக் காத்திருக்க வேண்டும்? குறைத்தால் என்ன ஆகும்? இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஒரே ஆள் இப்போது வேறு கம்பெனியில், வேறு ஊரில் இருக்கிறார். ‘அண்ணா, தூங்கிட்டீங்களா?’ என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பறக்கும். அண்ணா தூங்கிக்கொண்டிருப்பார்.

இந்த நள்ளிரவுக்காகத்தான் ‘டாக்குமெண்டேஷன்’ என்று ஒன்று இருக்கிறது. வாஷிங் மெஷினோடு வரும் கையேடு போலப் பயன்படுத்துபவருக்காக எழுதப்படுவது தனி ரகம். இங்கே சொல்வது, ஒரு டெவலப்பர் இன்னொரு டெவலப்பருக்காக எழுதி வைக்கும் குறிப்புகளை. இந்த மென்பொருள் என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது, எங்கே கை வைக்கக் கூடாது, இதை ஏன் இப்படிக் கட்டியிருக்கிறோம் என்கிற விவரங்கள். எல்லோரும் தேவை என்பார்கள். எழுதச் சொன்னால் நழுவுவார்கள்.

உலகம் முழுக்கவே இதுதான் நிலைமை. கிட்ஹப் தளம் 2017-ல் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் உலகில் ஒரு சர்வே எடுத்தது. அரைகுறையான அல்லது காலாவதியான குறிப்புகளால் அவதிப்பட்டதைச் சொன்னவர்கள் 93 சதவிகிதம் பேர். பங்களிப்பவர்களில் 60 சதவிகிதம் பேர், குறிப்பு எழுதும் பக்கமே அரிதாகத்தான் போவோம், அல்லது போகவே மாட்டோம் என்றார்கள். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், பரிமாறத்தான் ஆள் இல்லை.

எழுதியவருக்குப் புரியும்

எழுதுவதே இல்லை என்பது பாதிப் பிரச்னைதான். எழுதியும் உதவாமல் போவது மீதிப் பாதி.

வார இதழ்களில் சமையல் குறிப்பு படிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ‘உப்பு – தேவையான அளவு.’ எவ்வளவு தேவை என்று தெரிந்தவருக்கு அந்த வரியே வேண்டாம். தெரியாதவருக்கு அந்த வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘பாகு பதம் வந்ததும் இறக்கவும்’ என்பதும் அதே ஜாதிதான். எந்தப் பதம்? கம்பிப் பதமா, உருட்டுப் பதமா? எழுதிய மாமிக்கு முப்பது வருடக் கைப்பழக்கம். தனக்குத் தெரிந்தது எதிராளிக்குத் தெரியாது என்பதே அவருக்கு மறந்து போயிருக்கும்.

எஸ்.மீனாட்சி அம்மாள் 1951-ல் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தைக் கொண்டுவந்தபோது, அடுப்படிப் பக்கமே போகாத ஒரு பெண்ணை எதிரே உட்கார வைத்துக்கொண்டு சொல்வது போல அளவும் படியும் சொல்லி எழுதினார். கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாத பெண்களின் பெட்டியில், கடல் கடந்துகூட அந்தப் புத்தகம் போனது அதனால்தான்.

டெவலப்பர்கள் எழுதும் குறிப்புகளில் ‘தேவையான அளவு உப்பு’ ஏராளமாக உண்டு. ‘சர்வரை வழக்கம்போல கான்ஃபிகர் செய்யவும்.’ யார் வழக்கம்? ‘தேவையான அனுமதிகளைப் பெறவும்.’ யாரிடம், எந்த அனுமதி, எத்தனை நாள் ஆகும்? ‘பிறகு இதை இன்ஸ்டால் செய்தால் போதும், அவ்வளவுதான்.’ அந்த ‘அவ்வளவுதான்’ இருக்கிறதே, அதைவிடக் கொடுமையான சொல் கிடையாது. மூன்று மணி நேரம் போராடியும் இன்ஸ்டால் ஆகாமல் முழிப்பவருக்கு, ‘உனக்கு இதுகூட வரவில்லையா?’ என்றுதான் அது கேட்கும்.

மொழியும் ஒரு தடை. டீக்கடையில் நின்றுகொண்டு, “மச்சி, அந்தப் பக்கம் போகாத. அது பழைய டேட்டாபேஸ். மாசக் கடைசியில மட்டும்தான் ஓடும்” என்று தமிழில் இரண்டே வரியில் தெளிவாகச் சொல்கிறவர், அதையே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். அரசாங்கக் கடிதம் மாதிரி, செயப்பாட்டு வினையிலேயே அரைப் பக்கத்துக்கு ஒரு வாக்கியம் வரும். அதில் ‘போகாத’ என்ற முக்கியமான விஷயம் காணாமல் போயிருக்கும். டீக்கடையில் சொன்னதை அப்படியே எளிய ஆங்கிலத்தில் எழுதினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

குறட்டையையும் சொல்லிவிட்ட கையேடு

நல்ல குறிப்புக்கு இன்றும் உதாரணமாகக் காட்டப்படுவது, 50 வருடங்களுக்கும் முந்தைய ஒரு கையேடு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு அது. 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டது. ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடும் லினக்ஸ், ஆப்பிளின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த யூனிக்ஸ் போட்ட பாதையில் வந்தவையே.

அந்தக் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், மிஞ்சினால் சில பக்கங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அச்சு. முதலில் கட்டளையின் பெயர், அது எதற்கு என்று ஒரு வரி. அடுத்து, எப்படி டைப் செய்ய வேண்டும். பிறகு அது என்ன செய்யும், எந்தெந்த ஃபைல்களைத் தொடும், இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை எவை, தவறு நேர்ந்தால் என்ன செய்தி வரும். ஒரு பக்கத்தைப் படித்துப் பழகியவருக்கு, மற்ற எந்தப் பக்கத்திலும் எது எங்கே இருக்கும் என்று கண் தானாகப் போய் நிற்கும்.

இதற்கெல்லாம் கீழே ஒரு தலைப்பு இருந்தது. ‘பக்ஸ்.’ அதாவது, இந்தக் கட்டளையில் எங்களுக்குத் தெரிந்த கோளாறுகள்! தன் சரக்கில் என்ன குறை என்று தானே அச்சில் போடுவது சாதாரண விஷயமா? மணமகள் தேவை விளம்பரத்தில், ‘மாப்பிள்ளைக்குக் கோபம் வரும், குறட்டை விடுவார்’ என்று பெற்றோரே சேர்த்துக் கொடுப்பது மாதிரி. ஆனால், படிப்பவருக்கு அந்த வரியால் கிடைக்கும் நிம்மதியை நினைத்துப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஏதோ தப்பாக நடக்கிறது. நம் தவறா, இதன் தவறா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ‘ஆமாம், இது இப்படித்தான் நடந்துகொள்ளும்’ என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

அதற்கும் கீழே, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று பொறுப்பாளரின் பெயர். எட்டுத் தலைப்புகளில் வேலை முடிந்தது.

அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்த டக் மெக்கில்ராய் பிற்காலத்தில் ஒரு சுவையான விஷயம் சொன்னார். கையேட்டின் அடுத்த பதிப்பு தயாராகும் போதெல்லாம் ஆய்வுக்கூடம் பரபரப்பாகிவிடுமாம். ஒரு கட்டளையின் அசிங்கங்களை எழுத உட்காரும்போது, இதை எப்படி அச்சில் போடுவது என்று வெட்கம் வந்துவிடும். எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய், புரோகிராமையே சரிசெய்துவிட்டு வருவார்கள். விருந்தாளி வருகிறார் என்றதும் வீட்டை ஒழுங்குபடுத்துகிற கதைதான். ஒரு விஷயத்தை விளக்கி எழுதத் திணறினால், பல நேரம் கோளாறு எழுத்தில் இருக்காது, எழுதப்படுகிற பொருளில்தான் இருக்கும்.

ராக்கெட்டில் ஏறிய பழைய கணக்கு

அப்படியானால் எச்சரிக்கை எழுதி வைத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு நிலவுக்குப் போன ஒரு கதை இருக்கிறது.

அப்போலோ விண்கலங்களின் மென்பொருளை எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் மார்கரெட் ஹாமில்டன். சில நாள் தன் சின்ன மகளையும் வேலைக்கு அழைத்து வருவார். ஒருமுறை அந்தக் குழந்தை, விண்வெளி வீரர்கள் பயிற்சி எடுக்கும் மாதிரி இயந்திரத்தின் பட்டன்களைத் தட்டி விளையாடியபோது, பயணம் நடுவில் இருக்கும் நேரத்தில் ‘புரோகிராம் 01’ கிளம்பிவிட்டது. அது ராக்கெட் புறப்படும் முன் தரையில் ஓட வேண்டியது. மாதிரி இயந்திரம் நிலைகுலைந்தது. இதைத் தடுக்கும் ஒரு சோதனையை மென்பொருளுக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்றார் ஹாமில்டன். பயிற்சி பெற்ற வீரர்கள் அப்படியொரு தவறைச் செய்யவே மாட்டார்கள் என்று நாசா தரப்பில் மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல், பறக்கும்போது புரோகிராம் 01-ஐத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று குறிப்பு மட்டும் எழுதி வைத்தார். இது அவரே பல பேட்டிகளில் சொன்ன கதை.

1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஜிம் லவல் கை தவறி அதே 01-ஐ அழுத்தினார். விண்கலம் தன்னை ஏவுதளத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்ற கணக்கு குழம்பிப்போய், நட்சத்திரங்களைப் பார்த்து மறுபடி சீர்செய்ய வேண்டியதாயிற்று. பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஹாமில்டன் கேட்ட அந்தச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. குறிப்பு இருந்தது. ஆனால், களைத்துப்போன விரலைப் பிடித்து நிறுத்தும் சக்தி எந்தக் குறிப்புக்கும் கிடையாது. படியில் வழுக்குகிறது என்று போர்டு மாட்டுவதைவிட, படியைத் துடைப்பது நல்லது.

இன்னொரு சம்பவத்தில் குறிப்பும் இருந்தது, அதைப் படிக்க வேண்டியவர்களும் இருந்தார்கள். இருவரும் சந்தித்துக்கொள்ளவில்லை.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் புத்தம் புது ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. உள்ளே நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்கள். 40 விநாடிகூட ஆகியிருக்காது. ராக்கெட் திடீரெனத் திரும்பி, உடைந்து, வெடித்துச் சிதறியது.

காரணம் ஒரு எண். ராக்கெட் எந்தத் திசையில் போகிறது என்று கணக்கிடும் கருவியின் மென்பொருளை முந்தைய ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். அது கிடைமட்ட வேகம் தொடர்பான ஓர் எண்ணை, 16 பிட் அளவுள்ள சிறிய இடத்துக்கு மாற்றும். அந்த இடத்தில் அதிகபட்சம் 32,767 வரைதான் அடங்கும். ஏரியான் 4-க்கு அது தாராளம். ஏரியான் 5-ன் பாதை வேறு, ஆரம்பத்திலேயே கிடைமட்ட வேகம் மிக அதிகம். உழக்குக்குள் மரக்கால் நெல்லைக் கொட்டியது போல எண் வழிந்தது. கருவி கையை விரித்தது. மாற்றாக வைத்திருந்த இன்னொரு கருவியும் அதே மென்பொருளில் ஓடியதால், அதுவும் ஏற்கெனவே விழுந்திருந்தது. இதில் வேதனை என்னவென்றால், அந்தக் கணக்கு தரையில் நிற்கும்போது மட்டுமே தேவைப்படுவது. ஏரியான் 4 காலத்துப் பழக்கத்தில், கிளம்பிய பிறகும் சில விநாடிகள் ஓட விட்டிருந்தார்கள்.

அந்த எண் வழியக்கூடும் என்று யாருக்குமே தோன்றவில்லையா? தோன்றியிருந்தது. அப்படி ஆபத்துள்ள ஏழு எண்களைக் கண்டுபிடித்து, நான்குக்குப் பாதுகாப்பும் போட்டிருந்தார்கள். கருவியின் கம்ப்யூட்டருக்குச் சுமை ஏறக் கூடாது என்பதால் மூன்றை விட்டுவிட்டார்கள். இந்த எண்கள் அந்த அளவைத் தொடவே முடியாது என்று கலந்து பேசி எடுத்த முடிவு அது. விசாரணைக் குழுவின் அறிக்கை ஜூலையில் வெளிவந்தது. முடிவுக்கான காரணம் புரோகிராமில் அந்த வரியின் அருகே எங்கும் இல்லை என்றும், மலைபோல் குவிந்திருந்த ஆவணங்களுக்குள் அந்த அனுமானம் வெளியாள் கண்ணில் படாதபடி மறைந்துபோயிருந்தது என்றும் அது சொன்னது. வேண்டுமென்றே யாரும் மறைக்கவில்லை.

பக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். புது ராக்கெட்டுக்கு மாற்றியவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போகும்போது, ‘ஏரியான் 4-ன் வேகத்தை நம்பி இங்கே பாதுகாப்பு போடவில்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம் பக்கத்தில் இருந்திருந்தால், யாராவது ஒருவர் நின்று யோசித்திருக்கலாம்.

ஏன் 30?

சாதாரண அலுவலகப் புரோகிராமுக்கும் இதேதான். பல டெவலப்பர்கள் குறிப்பு எழுதுவதாக நினைத்துக்கொண்டு, எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரிக்கு மேலே ‘எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறோம்’ என்று எழுதுவார்கள். கதவில் ‘இது கதவு’ என்று ஒட்டுவது மாதிரி. வரி என்ன செய்கிறது என்பது அந்த வரியிலேயே தெரிகிறது. தெரியாதது, ஏன் என்பது.

‘30 விநாடி காத்திரு’ என்ற வரிக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தால் எப்படி இருக்கும்: ‘மாதக் கடைசியில் பேங்க் சர்வர் பதில் சொல்ல 25 விநாடிவரை ஆகிறது. முன்பு 10 விநாடி வைத்திருந்தோம். பதில் வருவதற்குள் மறுபடி கேட்டுவிட்டதால், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் பிடித்துவிட்டது. குறைக்க வேண்டாம்.’ நான்கு வாக்கியம். எழுத இரண்டு நிமிடம். அந்த நள்ளிரவில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண், ‘30 ரொம்ப அதிகமாக இருக்கிறதே, 5 ஆக்கிப் பார்ப்போம்’ என்று கை வைக்க மாட்டார். யாரோ ஒருவர் வீட்டு மின் கட்டணம் இரண்டு முறை பிடிக்கப்படாது.

‘இப்போதுதான் ஏ.ஐ. வந்துவிட்டதே, புரோகிராமைக் கொடுத்தால் அதுவே விளக்கம் எழுதித் தருகிறதே’ என்று கேட்கலாம். தருகிறது, நன்றாகவே தருகிறது. எந்த வரி என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லும். ஆனால், பேங்க் சர்வர் மாதக் கடைசியில் மந்தமாகும் என்பதும், போன தீபாவளிக்கு வாடிக்கையாளர் போனில் அழுததும் புரோகிராமில் எங்கும் எழுதப்படவில்லை. எங்குமே எழுதப்படாததை அது எங்கிருந்து எடுக்கும்? துணிந்து ஊகித்து எழுதிவிட்டால், அது ஒன்றும் இல்லாததைவிட ஆபத்து.

எதை எழுதுவது என்பதைப் போலவே, யாருக்கு என்பதும் முக்கியம். டேனியேலே புரோசிடா என்பவர் டெவலப்பர் குறிப்புகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார். உலகெங்கும் பல குழுக்கள் இப்போது அதைப் பின்பற்றுகின்றன. அவரும் சமையலைத்தான் உதாரணம் காட்டுகிறார். நம் அடுப்படிக்கு மாற்றினால் இப்படி வரும்: குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தோசை வார்க்கக் கற்றுக்கொடுப்பது ஒன்று. தோசை வார்க்கத் தெரிந்தவருக்கு அடை செய்முறை கொடுப்பது இன்னொன்று. மசாலா பாக்கெட்டின் பின்னால் என்னென்ன, எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பது மூன்றாவது. மாவு ஏன் புளிக்கிறது, குளிர்காலத்தில் ஏன் பொங்குவதில்லை என்று விளக்குவது நான்காவது. நான்குமே தேவை. நான்கையும் ஒரே பக்கத்தில் கலந்தால்தான் வம்பு. தோசை கருகிக்கொண்டிருக்கும்போது நொதித்தலின் விஞ்ஞானத்தை யார் படிப்பார்கள்?

உதாரணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனை பக்கம் விளக்கம் எழுதினாலும், டெவலப்பரின் கண் முதலில் தேடுவது காப்பி எடுத்து ஓட்டிப் பார்க்க ஒரு துண்டு உதாரணம்தான். பிரையன் கெர்னிஹானும் ரிட்சியும் 1978-ல் எழுதிய ‘சி’ மொழிப் புத்தகம், திரையில் ‘ஹலோ, வேர்ல்டு’ என்று வரவைக்கும் சின்னஞ்சிறு புரோகிராமோடு தொடங்குகிறது. பார்க்க விளையாட்டு போல இருக்கும். ஆனால் அதை ஓட்டுவதற்குள், எங்கே எழுதுவது, எப்படி மொழிமாற்றுவது, விடை எங்கே வரும் என்று எல்லா வாசல்களையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறோம். அதனால்தான் இன்றுவரை எந்தப் புது மொழி வந்தாலும் பாடம் அங்கிருந்தே ஆரம்பிக்கிறது. கொடுத்த உதாரணம் ஓடாவிட்டால் மீதியை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதும் உண்மை.

குறிப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு, பைசா செலவில்லாதது. புதிதாகச் சேர்ந்தவரிடம் குறிப்பைக் கொடுத்து, அதன்படி செய்யச் சொல்லிவிட்டு, எழுதியவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே அவர் நின்று யோசிக்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். புதியவரின் அறியாமை விலைமதிப்பில்லாதது, அதற்கு ஆயுள் இரண்டு வாரம்தான். அதற்குப் பிறகு அவருக்கும் எல்லாம் ‘வழக்கம்போல’ ஆகிவிடும். சேர்ந்த முதல் வாரத்திலேயே இன்ஸ்டால் செய்யும் குறிப்பைத் திருத்தும் பொறுப்பைப் புதியவரிடமே கொடுத்துவிடும் குழுக்கள் இருக்கின்றன. புத்திசாலிகள்.

காலாவதியான குறிப்பு, இல்லாத குறிப்பைவிட மோசம். குறிப்பே இல்லை என்றால் யாரையாவது கேட்போம். தவறான குறிப்பு இருந்தால் நம்பி அதன் பின்னாலேயே போவோம். ஆகவே எழுதுவது எவ்வளவு முக்கியமோ, பழையதைத் தயவு பார்க்காமல் அழிப்பதும் அவ்வளவு முக்கியம். பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்களுக்கும் இந்தத் தலைவலி இருந்தது. முதல் கையேட்டின் பின்பகுதியை எழுதி முடிப்பதற்குள் முன்பகுதியை மாற்ற வேண்டி வந்ததாக அவர்களே முன்னுரையில் புலம்பியிருக்கிறார்கள்.

இத்தனை தெரிந்தும் ஏன் எழுதுவதில்லை? சோம்பல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. வருடக் கடைசியில் அப்ரைசல் நடக்கும்போது, எத்தனை வேலை முடித்தாய் என்று கேட்பார்கள். எத்தனை பேருக்குப் புரியும்படி எழுதினாய் என்று கேட்பதில்லை. கேட்காத வேலையை யார் செய்வார்கள்? அதற்கும் அடியில் ஒரு பயம் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நம்மை எதற்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற பயம். கொத்துக் கொத்தாக ஆள்களை அனுப்பும் காலத்தில், அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

ஆனால், ரகசியத்தைத் தலைக்குள் பூட்டி வைத்திருப்பவருக்கு அது காவல் மட்டுமில்லை, சிறையும்கூட. அவரால் லீவு போட முடியாது. தங்கை கல்யாண மண்டபத்தில் மூலையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். பிரசவ விடுப்பில், பத்து நாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, “அந்த ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னா...” என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பவரும் அவர்தான். வேறு வேலைக்கு மாறலாம் என்றாலும், ‘இந்த சிஸ்டத்துக்கு உன்னை விட்டால் ஆளில்லை’ என்று அதே நாற்காலியில் வருடக்கணக்கில் உட்கார வைத்துவிடுவார்கள்.

தொடங்குவதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஒரே கேள்வி மூன்றாவது முறையாக வரும்போது, பதிலைச் சாட்டில் டைப் செய்யாமல், எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் எழுதிவிட்டு, அதன் லிங்க்கை மட்டும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் பார்க்கக் கொஞ்சம் திமிராகத்தான் தெரியும். “நேரா சொன்னா என்னவாம்?” என்று பக்கத்து சீட்டில் முணுமுணுப்பார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், முணுமுணுத்தவரும் புதிதாக வந்தவருக்கு அதே லிங்க்கைத்தான் அனுப்பிக்கொண்டிருப்பார்.